நாலாவது போத்தல் கைக்கேல்ல!

நேத்து முழுக்க பிரிட்ஜுக்க கிடந்த தேசிக்காய் கோர்டியல (தண்ணி கலந்து குடிக்கிற சீனிப்புளிக் கரைசல்) இண்டைக்கு விடியக்காலமை எழும்பி பல்லும் தீட்டாம ஒரு கரண்டி நக்கிப் பாத்தன், கைக்கேல்ல. இது நாலாவது போத்தல். முதல் மூண்டும் சிங்குக்கதான் போனது. கச்சான் காத்து அடிச்சு வீடு அடுப்பு மாதிரி கிடக்கிற நேரத்துல இவ்வளவு சீனிய ஊத்திறாய் எண்டு அம்மா பேசின பேச்சு தனி.

முதலாவது, தேசிக்காய முழுசா பிளெண்டர்ல அடிச்சது, அதப்பற்றி கதைக்கவே வேணாம். ரெண்டாவது, தோலையும் சீனிப்பாணியோட போட்டு காய்ச்சினன், தேசிக்காய்ப்புளியையும் சூட்டோடயே ஊத்திட்டன், மணம் எல்லாம் போய் இருமல் மருந்து மாதிரி வந்திச்சு. மூண்டாவதுதான் என்ர வயித்தெரிச்சல். புழிஞ்ச உடன குடிச்சா தேவாமிர்தம், அடுத்த நாள் வேப்பிலை.

தேடிப் பாத்தா, விதையிலயும் வெள்ளைத்தோலிலயும் கைக்காத ஒரு சாமான் இருக்காம், அது புளியோட கலந்தாப் பிறகு மெல்ல மெல்ல லிமோனின் எண்ட கைப்புச் சாமானா மாறுமாம். அதுதான் உடன தெரியாம பிறகு கைக்கிறது. நான் அந்த அலுமினிய நசுக்கியில கோதையும் விதையையும் சேத்து கடைசிச் சொட்டு வரைக்கும் நசுக்கினது, தோலையும் ரெண்டு நாள் உள்ளுக்கயே ஊறவிட்டது, ரெண்டும் பிழை. அந்த நசுக்கியும் புளி பட்டுப் பட்டு கறுத்து ஒரு தகர ருசி வேற குடுக்குது, தூக்கி வீசிட்டன். இப்ப கையாலதான், அதுவும் அரைவாசிக்கு மேல நெரிக்கிறேல்ல, மிச்சக் கோத அம்மா மீன் கழுவ எடுக்கிறா. தேத்தண்ணி வடி வச்சு விதை ஒண்டும் விழாம பாக்கிறன்.

ஆனா எல்லாத்தையும் விட தோல் சீவிறதுலதான் விசயம் இருக்கு. எங்கட ஊர்த் தேசிக்காய் சின்னன், தோல் கடதாசி மாதிரி, கத்தி வச்சா வெள்ளையும் சேந்து வரும். கிழங்கு சீவிற பீலரால, அழுத்தாம, காய சுத்திச் சுத்தி எடுக்கோணும். ஒவ்வொரு சீவலையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்கோ, பச்சைக்குள்ளால வெளிச்சம் தெரிஞ்சா சரி, பின்னால வெள்ளை திட்டுத் திட்டா நிண்டா தேக்கரண்டி விளிம்பால சுரண்டி எடுத்துடுங்கோ. 12 காய்க்கு எனக்கு முக்கா மணித்தியாலம் போச்சு, ஒருக்கா எண்ணெய் கண்ணுக்க தெறிச்சு பத்து நிமிசம் பைப்படியில நிண்டன். பிறகு 250 கிராம் சீனிய போட்டு விரலால நல்லா பிசைஞ்சு மூடி வச்சா, அஞ்சாறு மணித்தியாலத்துல உப்புவெளிக் கரையில அலை அடிச்சிட்டுப் போன மண் மாதிரி ஈரமா வரும், மூடியத் திறந்தா வீடு முழுக்க மணக்கும். அதுக்க புளிய பச்சையா ஊத்திக் கரைச்சு, தோல உடன வடிச்சிடோணும். அடுப்புப் பக்கமே போகேல்ல. ஒரு பங்குக்கு அஞ்சு பங்கு ஐஸ் தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு, ஊறவச்ச கசகசா. சோடா விட்டா இன்னும் விசேசம்.

காய் வாங்கிறதுக்கு சந்தைக்குப் போகாதேங்கோ, வெயிலுக்க கிடந்து வாடினதுதான் கூட. நான் கிண்ணியாப் பக்கமிருந்து சைக்கிள்ல கொண்டுவாற ஒரு ஐயாட்டத்தான் எடுக்கிறன், இறுக்கமா பச்சையா இருக்கும். மஞ்சளாப் பழுத்ததுல புளி கூட எண்டு அவர் தலையில கட்டப் பாப்பார், தோல் மணத்துக்கு பச்சைதான் வேணும் எண்டு ஒவ்வொரு தரமும் சண்டை.

இந்த விசயம் ஒண்டும் புதுசில்லையாம். 1867ல லோக்லன் ரோஸ் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர் சாராயம் சேக்காம சீனியால தேசிக்காய்ப்புளிய பழுதாகாம வைக்கிறதுக்கு பேட்டன்ட் எடுத்திருக்கிறார். ஸ்கர்வி எண்ட, முரசில ரத்தம் வாற நோய்க்குப் பயந்து கப்பல்காரருக்கு புளி குடுத்த காலம் அது. எங்கட திருகோணமலை ஹார்பருக்க வந்து நிண்ட வெள்ளைக்காரனும் இதைக் குடிச்சிட்டுத்தான் வெயில்ல வேர்த்திருப்பான் போல.

அடுத்தது பிபிலைத் தோடம்பழம். பழுத்தாலும் பச்சையாவே நிக்கிற சாதி, அந்தத் தோலையும் இப்பிடிச் சீனியில போட்டு, புளிக்கு கொஞ்சம் தேசிக்காய் சேத்துப் பாப்பம் எண்டு யோசினை. மாமி நாரத்தங்காய் ரெண்டு தாறன் எண்டவ, ஆனா அதுட கைப்ப நினைக்கவே பயமாக் கிடக்கு. அதுக்கு முதல் இந்தப் போத்தல் ஒரு கிழமை தாங்குதா எண்டு பாக்கோணும், தம்பி இப்பவே காவாசிய முடிச்சிட்டான்.