லிக்ஸில் ஆய்விதழ் வார்ப்புருவைப் பயன்படுத்துதல்

முதன்முறையாக ஓர் ஆய்விதழின் வார்ப்புருவைப் பதிவிறக்கி, கட்டுரைகளை எழுத உதவும் லிக்ஸ் (LyX) செயலியில் பயன்படுத்த முயன்றபோது, ஆவண வகுப்புகளின் பட்டியலில் அந்த இதழின் பெயரையே காண முடியவில்லை. இரண்டு மாலைப் பொழுதுகளை அதில் செலவிட்ட பிறகுதான் காரணம் புரிந்தது. இதழ் கொடுப்பது, லிக்ஸ் பின்னணியில் பக்கங்களை அமைக்கப் பயன்படுத்தும் லாடெக்குக்கு (LaTeX) உரிய வகுப்புக் கோப்பை மட்டுமே. அந்த வகுப்பில் தலைப்பு, ஆசிரியர், சுருக்கம் என்று எவையெவை உள்ளன என்பதை லிக்ஸுக்குச் சொல்ல லேஅவுட் கோப்பு என்ற இன்னொன்றும் வேண்டும்.

1995இல் மத்தியாஸ் எட்ரிச் தொடங்கிய இந்தச் செயலியில், திரையில் தெரிவது அச்சில் வரப்போகும் பக்கம் அன்று. ஒவ்வொரு பத்தியும் என்ன என்று நாம் குறிக்கிறோம். அது எப்படித் தோன்ற வேண்டும் என்பதை வகுப்புக் கோப்பு தீர்மானிக்கிறது.

எல்ஸ்வியர் பதிப்பகத்தின் இதழ்களுக்கான எல்ஸ்ஆர்ட்டிகிள் வகுப்புக்கு உரிய லேஅவுட் லிக்ஸுடனேயே வருகிறது. பட்டியலில் அதன் பெயருக்கு முன்னால் 'கிடைக்கவில்லை' என்ற குறிப்பு இருந்தால், வகுப்புக் கோப்பு உங்கள் கணினியின் லாடெக் நிறுவலில் இல்லை என்று பொருள். அதை நிறுவி, கருவிகள் பட்டியில் உள்ள மறுஉள்ளமைவுக் கட்டளையை இயக்கி, லிக்ஸை மூடித் திறந்தால் போதும். இந்த வகுப்பில் தலைப்பு, ஆசிரியர், முகவரி, சுருக்கம், திறவுச்சொற்கள் ஆகிய அனைத்தும் முகப்புப் பகுதியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் அமைய வேண்டும். அந்த இரண்டு எல்லைகளும் பத்திப் பாணிகளாகவே தரப்பட்டுள்ளன. முடிவைக் குறிக்கத் தவறினால் பிழைச் செய்தி வேறெங்கோ சுட்டிக்காட்டும், நாமோ தவறே இல்லாத சமன்பாட்டைத் திருத்திக்கொண்டிருப்போம். வகுப்பு விருப்பங்களுக்கான பெட்டியில் 'review' என்று எழுதினால் மதிப்பாய்வாளர் குறிப்பெழுத வசதியாக வரி இடைவெளி கூடும். '5p' என்று எழுதினால் இரண்டு நெடுவரிசைகளில் அமைந்த இதழ்ப் பக்கத்தைப் போலவே வரும்.

லேஅவுட் இல்லாத இதழுக்கு நாமே ஒன்று எழுதிக்கொள்ளலாம். வகுப்பின் பெயரை அறிவிக்கும் வரி ஒன்று, வழக்கமான ஆர்ட்டிகிள் லேஅவுட்டை உள்ளிழுக்கும் வரி ஒன்று. இவையே அதன் அடிப்படை. பயனர் அடைவில் உள்ள லேஅவுட்ஸ் கோப்புறையில் அதை இட்டு மறுஉள்ளமைவு செய்தால் இதழின் பெயர் பட்டியலில் வந்துவிடும். அந்த இதழுக்கே உரிய கட்டளைகள் சிலவற்றை, கண்ட்ரோல்-எல் அழுத்தினால் வரும், லாடெக் கட்டளைகளை அப்படியே ஏற்கும் டெக் பெட்டிக்குள் நேரடியாக எழுதிக்கொள்கிறேன். ஆனால் பெட்டிகள் பெருகும்போது கட்டுரையைப் படிப்பதே சிரமமாகிவிடுகிறது. ஒரே கட்டளை மூன்றாம் முறை தேவைப்பட்டால் அதற்கென லேஅவுட்டில் ஒரு பாணியைச் சேர்த்துவிடுவதே நல்லது.

படத்தை நகர்த்தவும், கடைசிப் பக்கத்தைச் சரிக்கட்டவும் கையால் இடைவெளி சேர்க்கும் பழக்கத்தை நான் அறவே விட்டுவிட்டேன். கட்டுரை ஏற்கப்பட்டதும் பெரிய பதிப்பகங்கள் அதை அச்சுக்கோப்பாளர்களிடம் ஒப்படைக்கின்றன. அவ்வேலையில் கணிசமான பகுதி நம் சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் நடக்கிறது. அங்கே நம் கோப்பு, ஒவ்வொரு பகுதியும் என்ன என்று குறியிட்டுக் காட்டும் எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாறும்போது நாம் சேர்த்த இடைவெளிகள் எல்லாம் நீக்கப்படும். எது தலைப்பு, எது துணைத்தலைப்பு, எந்த மேற்கோள் எந்த நூலைச் சுட்டுகிறது என்ற குறிப்புகளே அவர்களுக்குத் தேவை. தடித்த எழுத்தை மட்டும் போட்டுத் தலைப்பைப் போலக் காட்டிய ஒரு வரி, அங்கு இருப்பவருக்குக் கூடுதல் வேலை.

சமர்ப்பிப்புத் தளங்கள் பொதுவாக லிக்ஸ் கோப்பை ஏற்பதில்லை என்பதால், கடைசியில் லாடெக்காக ஏற்றுமதி செய்ய வேண்டும். அந்தக் கோப்பையும் படங்களையும் நூற்பட்டியல் கோப்பையும் புதிய அடைவு ஒன்றில் இட்டு, லிக்ஸின் துணையின்றி லாடெக்கை மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்புகிறேன். படங்களை உள்ளடைவில் வைத்திருந்தால் அவற்றின் பாதைகளை அப்போதே திருத்திவிடலாம். உள்ளடைவுகளை ஏற்காத தளங்களும் இருக்கின்றன.