போன் எதனால் நிரம்புகிறது?

மயிலாடுதுறை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உடைந்த திரை, உப்பிப்போன பேட்டரி இரண்டுக்கும் அடுத்தபடியாக என்னிடம் அதிகம் வரும் புகார், “இடம் இல்லை என்று சொல்கிறது” என்பதுதான். ஆளைப் பார்த்தவுடனேயே போன் எதனால் நிரம்பியிருக்கும் என்று சொல்லிவிடுவேன். யாருடைய அந்தரங்கத்தையும் நான் எட்டிப் பார்ப்பதில்லை. எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று காட்டும் பட்டியலே போதும்.

அறுபதைத் தாண்டியவர் என்றால் வாட்ஸ்அப். அதிலும் காலை வணக்கப் படங்கள். திங்களுக்குச் சிவன், செவ்வாய்க்கு முருகன், வியாழனுக்குத் தட்சிணாமூர்த்தி, வெள்ளிக்கு அம்மன், சனிக்குப் பெருமாள். நடுநடுவே ரோஜாப்பூவும் ஆவி பறக்கும் காப்பியும். அழித்துவிடலாமா என்று கேட்டால் பதறுவார்கள், சாமி படமாயிற்றே. படங்கள் தானாக இறங்குவதை நிறுத்திவைத்து அனுப்பினால் இரண்டொரு நாளில் திரும்பி வந்துவிடுவார்கள். “தம்பி, நீங்கள் கை வைத்ததிலிருந்து முருகன் மங்கலாகத் தெரிகிறார்.” படத்தைத் தொட்டால் தெளிவாகிவிடும் என்று விளக்கிப் பயனில்லை. பழையபடியே மாற்றிக் கொடுத்துவிடுவேன்.

இந்தப் படங்களைக் கேலி செய்கிறவர்கள் நிறைய. எனக்கு அது ஒப்பவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தங்கள் வழக்கத்தைச் சொன்னார். அவரோடு வேலை பார்த்தவர்கள் சீர்காழியிலும் சிதம்பரத்திலும் ஆளுக்கொரு பக்கம் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாம் வெளியூர். ஏழு மணிக்குள் ஒருவரிடமிருந்து படம் வரவில்லை என்றால் எட்டு மணிக்கு இன்னொருவர் போன் போட்டு விசாரித்துவிடுவாராம். படத்தில் எந்தச் சாமி இருந்தால் என்ன, அது அவர்களுடைய வருகைப் பதிவேடு.

எனக்குக் கவலை தருவது வேறு. வந்ததையெல்லாம் நம்பி அப்படியே அனுப்பிவைக்கும் பழக்கம் இந்த வயதினரில் பலரிடம் இருக்கிறது. “முன்பெல்லாம் இருபது பேருக்கு ஒரே தட்டில் போகும், இப்போது போக மறுக்கிறது, போனில் கோளாறு” என்று இன்றும் யாராவது வருகிறார்கள். போனில் ஒன்றுமில்லை. ஒரே தடவையில் 5 பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி 2018-இல் வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தி என்றால் ஒரு தடவைக்கு ஒரே இடம்தான் என்று இன்னும் இறுக்கியது. காரணத்தையும் சொல்வேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு முதிய பெண்மணியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று எண்ணி அடித்தே கொன்றுவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி செய்த வேலை அது. இதைச் சொன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு, “அப்படியானால் ஐந்தைந்து பேராக அனுப்பலாம், இல்லையா?” என்பார்கள்.

என் வயதுக்காரர்களின் போனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பணம் அனுப்பிய ரசீதுகளின் ஸ்கிரீன்ஷாட், பள்ளிக்கூடக் குழுவில் வந்த பிடிஎஃப், ரேஷன் அட்டையின் படம், குலதெய்வக் கோயில் திருப்பணிக் குழுவின் கணக்கு. எல்லாக் குழுவிலும் இருப்போம், எதிலும் பேசமாட்டோம்.

கல்லூரிப் பிள்ளைகளின் போன்தான் விசித்திரம். சொந்தப் படமாகவே நிரம்பியிருக்கும். ஒரே சுவர், ஒரே சிரிப்பு, முப்பது நாற்பது படங்கள். ஒன்றைக்கூட அழிக்கவிடமாட்டார்கள். 2021 ஜூனில் கூகுள் போட்டோஸ் படங்களை அளவில்லாமல் இலவசமாகச் சேமித்துவைக்கும் வசதியை நிறுத்தியது அவர்களுக்குப் பேரிடி. சரி, இத்தனையும் எங்கே போகின்றன என்று பார்த்தால், எங்கும் போவதில்லை. அவர்கள் இன்ஸ்டாகிராம் கணக்கில் ஒரு படமும் இருக்காது, இருந்தால் இரண்டு மூன்று. கணக்கு பூட்டியிருக்கும். நெருங்கிய நண்பர்களுக்கென்று தனிப் பட்டியல் வைத்து, 24 மணி நேரத்தில் மறைந்துபோகும் ஸ்டோரி போடுகிறார்கள். சிலருக்கு உறவினர் கண்ணில் படுவதற்கென்று ஒரு கணக்கு, உண்மையில் புழங்குவதற்கு இன்னொரு கணக்கு. வாட்ஸ்அப் அவர்களுக்கு வீட்டோடும் வகுப்போடும் பேச மட்டும்தான்.

இளசுகள் எல்லாவற்றையும் ஊருக்குக் காட்டுகிறார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஊருக்குக் காட்டுகிறவர்கள் பெரியவர்கள்தான். யாரோ ஒருவருடைய யூடியூப் வீடியோவின் கீழே மகளுக்கு வரன் தேவை என்று நட்சத்திரம், சம்பளம், தொலைபேசி எண் அத்தனையும் எழுதுகிறார்கள். காசிக்குக் கிளம்பும்போதே முகநூலில் படம் போட்டு, வீடு பூட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துத் தெரிவிக்கிறார்கள்.

பிள்ளைகள் இப்படிப் பூட்டிக்கொள்வது வயதின் குணம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கடை முன்பு பிரவுசிங் சென்டராக இருந்தது. அப்போது தடுப்புக்குள் உட்கார்ந்து, முகநூலுக்கு முன்பு இங்கே எல்லாரும் புழங்கிய ஆர்குட் என்ற தளத்தில் கிடந்தவர்களும் இதே வயதுப் பையன்கள்தான். யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்பது ‘ஸ்கிராப்’ என்ற அதன் செய்திப் பக்கத்தில் ஊருக்கே தெரியும். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் அப்பா அங்கே இல்லை. 2014-இல் ஆர்குட்டை மூடும்போது அவர்கள் எல்லாரும் முகநூலுக்குக் குடிபோயிருந்தார்கள். பிறகு அங்கே அப்பா வந்தார், அத்தை வந்தார், ஊர்ச் சங்கத் தலைவர் வந்தார். இன்றைய பிள்ளைகளோ கணக்குத் தொடங்கும் நாளிலேயே அத்தையிடமிருந்து நட்பு அழைப்பு வந்து காத்திருக்கும் உலகத்தில் பிறந்தவர்கள். அவர்கள் கதவைச் சாத்தாமல் வேறென்ன செய்வார்கள்?

அன்று ஆர்குட்டில் கிடந்தவர்களில் ஒருவர் சென்ற மாதம் மகனின் போனோடு வந்தார். இன்ஸ்டாகிராமைத் திறந்து காட்ட வேண்டுமாம். அது என்னால் ஆகாது, பையனிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தன் போனை நீட்டினார். தான் வைக்கும் ஸ்டேட்டஸ் மச்சான் கண்ணில் மட்டும் படாமல் இருக்க வழி உண்டா என்று கேட்டார். அதற்கு வழி உண்டு. செய்துகொடுக்க உட்கார்ந்தால் மச்சான் பெயரைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. கடைசியில் அவரே குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “‘சனியன்’ என்று போட்டுப் பாருங்கள்.”