வலது கணுக்கால்

ஜனவரி 6
ஊசி, மாத்திரை, பட்டை எல்லாம் பார்த்தாயிற்று. ஜவ்வு சுத்தமாகத் தேய்ந்துவிட்டதாம். இனி எலும்பை ஒட்ட வேண்டும், இல்லையென்றால் மூட்டை மாற்ற வேண்டும். "யோசிச்சு வாங்கம்மா" என்றார் டாக்டர். எதை வைத்து யோசிப்பது?

ஜனவரி 7
தூக்கமே இல்லை.

ஜனவரி 9
அண்ணன் மகன் வந்து பொறுமையாகச் சொன்னான். ஒட்டுவதென்றால், தேய்ந்த பரப்பைச் சுரண்டிவிட்டு மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கி ஒன்றாக்கிவிடுவார்கள். உரசல் போனால் வலியும் போகும், அசைவும் போகும். மாற்றுவதென்றால் மேலேயும் கீழேயும் உலோகம், நடுவில் பிளாஸ்டிக். அசைவு இருக்கும், ஆனால் தேயும். பத்து வருஷத்தில் பத்துப் பேரில் ஒருவர், இருவருக்குத் திரும்பத் திறக்க வேண்டி வருமாம். பத்து வருஷம் என்றால் எனக்கு 62.

இங்கிலாந்தில் 17 மருத்துவமனைகளில், 50 முதல் 85 வயதுக்குள் 303 பேரைச் சீட்டுக் குலுக்கியது போலப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவு 2022இல் வந்தது. ஒரு வருஷம் கழித்து நிற்பதையும் நடப்பதையும் 100க்கு அளந்தால், சராசரியாக மாற்றியவர்கள் 49.9 புள்ளியும் ஒட்டியவர்கள் 44.4 புள்ளியும் தேறியிருக்கிறார்கள். "அப்போ மாத்துறதுதானேடா நல்லது?" என்றேன். "அத்தை, இந்த வித்தியாசம் தற்செயலாக்கூட வந்திருக்கலாம். இதை வச்சு அப்படிச் சொல்ல முடியாது" என்றான்.

இரண்டு பக்கமும் அவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் தையல் மிஷின் பெடலை மிதிக்க முடிகிறதா என்று அவர்களில் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஜனவரி 11
பொங்கல் துணி பதினொன்று பாக்கி. கால் வீங்கிவிட்டது.

ஜனவரி 12
கடையை அடைத்த பிறகு, இரண்டு மர ஸ்கேலைக் காலின் இரண்டு பக்கமும் வைத்து, மிச்சத் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். ஒட்டியது போலக் கணுக்கால் மடங்கக் கூடாது, அவ்வளவுதான். அப்படியே பெடலில் வைத்து மிதித்தேன். ஓடியது. ஆனால் முழங்காலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. பாதி சுற்றில் சக்கரம் பின்னுக்குத் திரும்பி நூல் அறுந்துவிட்டது. கை சக்கரத்தைத் தள்ளி மறுபடி, மறுபடி. நாலு விரல் நீளத் தையலுக்கு மூன்று தடவை அறுந்தது.

பதினாறு வயதில் அம்மா பக்கத்தில் நின்று "குதிகால், விரல், குதிகால், விரல்" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிய கால் இது. கட்டை அவிழ்க்கும்போது அழுதுவிட்டேன்.

ஜனவரி 13
மோட்டார் மாட்டிக்கொள்ளலாம் என்கிறார் இவர். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

ஜனவரி 19
ஆறு வருஷம் முன்னால் ஒட்டிக்கொண்ட அத்தாச்சியைப் பார்த்து வந்தேன். சமதரையில் நடந்தபோது எந்தக் கால் என்றே தெரியவில்லை. கீழே அடிக்கடி எட்டிப் பார்த்தேன், நிஜமாகவே தெரியவில்லை. படி இறங்கும்போதுதான் பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து ஒவ்வொரு படியாக இறங்கினார். வயல் பக்கம் போவதில்லையாம், வரப்பில் கால் பிடிப்பதில்லையாம். அடி வளைந்த செருப்பு ஒன்று வைத்திருக்கிறார், அதைப் போட்டால் நடை சுலபமாம்.

"வலி?" என்று கேட்டேன்.

"வலி இருந்ததையே மறந்துட்டேன்டி."

அதைக் கேட்டதும், சரி, ஒட்டிவிடலாம் என்று ஒரு நிமிஷம் முழு மனதாகத் தோன்றியது.

ஜனவரி 20
கணுக்காலில் இருக்கும் பழைய தழும்பைத் தடவிப் பார்த்தேன். தோல் மெலிந்து பளபளவென்று இருக்கிறது. அந்த ஆய்வில் காயம் ஆறுவதில் சிக்கல் மாற்றியவர்களில் 100க்கு 13 பேருக்கு, ஒட்டியவர்களில் 6 பேருக்கு. ஒட்டியவர்களில் 100க்கு 12 பேருக்குப் படத்தில் எலும்பு சேரவில்லை, அவர்களில் 7 பேருக்கு வலியும் இருந்தது. எண்களை மாற்றி மாற்றி எழுதிப் பார்க்கிறேன்.

ஜனவரி 28
சி.டி. படம் வந்தது. கணுக்காலுக்கு அடியில் இருக்கும் மூட்டிலும் தேய்மானம் தொடங்கியிருக்கிறதாம். கணுக்காலை ஒட்டினால் அது செய்த வேலையில் ஒரு பங்கு அந்த மூட்டின் தலையில் விழும். ஒட்டிய 23 பேரைச் சராசரியாக 22 வருஷம் கழித்துப் பார்த்ததில், பெரும்பாலானவர்களுக்குப் பின்பாதத்துப் பக்கத்து மூட்டுகள் கெட்டிருந்தன என்று 2001இல் ஒரு ஆய்வு வந்ததாம். "உங்களுக்கு மாத்துறது பத்தி யோசிக்கலாம், ஆனா தோலைத்தான் பயப்படறேன்" என்றார் டாக்டர்.

எங்கள் தெருவில் முழங்கால் மாற்றியவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். கணுக்கால் மாற்றிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 2
மாற்றியது கெட்டுப்போனால் அப்புறம் ஒட்டலாம், ஆனால் அப்போது எலும்பு குறைந்திருக்கும், இடுப்பிலிருந்து எடுத்து வைக்க வேண்டியிருக்கும். ஒட்டியதைத் திரும்பப் பிரிப்பது அதைவிடக் கஷ்டம். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 5
தோல் டாக்டர் அழுத்திப் பார்த்தார். வெளுத்த இடம் எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று பார்த்தார். ரத்த ஓட்டம் பரவாயில்லையாம். சர்க்கரை இல்லாதது நல்லதாம்.

பிப்ரவரி 6
மாற்றிவிடச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 7
சரியாகத்தான் சொன்னேனா?

பிப்ரவரி 11
நாளை அட்மிஷன். பிரஷர் மாத்திரையை ஆபரேஷன் அன்று காலையில் போடலாமா என்று கேட்க மறந்துவிட்டேன். விடிந்ததும் முதல் வேலையாகப் போன் செய்ய வேண்டும்.