தளை தட்டிய குறள் வெண்பா, தட்டியபடியே

ஒரே எண்ணமும் ஒரே சடங்கும் விடாமல் துரத்தும் ஓசிடி என்ற மனநலச் சிக்கலைப் பற்றி எழுதிவரும் வெண்பாக்களில் பூட்டுப் பாட்டு ஒருவழியாக முடிந்தது. தளை தட்டுகிறது, அதாவது ஓரிடத்தில் சீரும் சீரும் வெண்பா விதிப்படி இணையவில்லை. அப்படியே விட்டுவிட்டேன், அதில்தான் எனக்குப் பெருமை.

முதலில் வந்த வடிவம்:

பூட்டினேன் என்றதென் கைவிரல், உள்ளமோ
கேட்டது மீண்டுமோர் சான்று.

ஈற்றுச்சீர் 'காசு' வாய்பாடு. மற்ற ஆறு சீரும் கூவிளம், அதாவது நேரசையும் அடுத்து நிரையசையும். கதவுப் பிடியை விடாமல் ஆட்டிப் பார்ப்பது போல ஒரே தட்டு. இந்த ஓசை தானாக அமைந்தது. எதுகையும் விழுந்துவிட்டது. மோனை இல்லை, கட்டாயமும் இல்லை. ஆனாலும் படுத்த பிறகு மண்டை 'பூ'வுக்கு ஒரு 'பொ' தேடிக்கொண்டே இருந்தது.

சிக்கல் அலகிடுவதில். அசை பிரித்து, விரல் மடக்கி, சரி என்று தெரிந்த பிறகும் சரி என்கிற உணர்வு வராது. யாப்பைச் சரிபார்க்கும் அவலோகிதம் மென்பொருளில் ஒட்டினால் நொடியில் சொல்லிவிடும், எனக்கு அதுவே வம்பு. ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அதையே மறுபடி ஒட்டுவேன். 2003இல் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைக் காட்டி, அணைத்தாயிற்றா என்று திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லிச் சோதித்தார்கள். நினைவு பிசகவில்லை; நினைவின் மேல் இருந்த நம்பிக்கைதான் கரைந்தது. அலகிடும்போது எனக்கு நடப்பதும் அதுதான். எண்ண எண்ண, 'என்றதென்' நேர் நிரைதானா என்பதே சந்தேகமாகிவிடும்.

சிகிச்சையில் சொல்லித்தருவது இதற்கு நேர் எதிர்: பதற்றம் தருவதை எதிர்கொள், அதைத் தணிக்கும் சடங்கை மட்டும் செய்யாதே. 1966இல் விக்டர் மேயர் எழுதியதிலிருந்து வளர்ந்த முறை. அதைப் பாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தால் என்ன என்று இரண்டாம் அடியில் கை வைத்தேன்:

கேட்டது மறுபடி சான்று.

விளச்சீருக்கு அடுத்து நேர் வர வேண்டும், வந்தது நிரை. வெண்பாவுக்குள் ஆசிரியப்பாவின் தளை! காது உடனே முறைத்தது. பழையபடி 'மீண்டுமோர்' என்று மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? மாற்றவில்லை. எரிச்சல் உச்சிக்கு ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முழுக்க இறங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன், இதைத் தட்டச்சும்போதும் விரல் அந்தச் சொல்லில் நிற்கிறது. யாப்பு தெரிந்தவர்கள் திருத்தி அனுப்ப வேண்டாம். 'பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது' என்று ஆறுதலும் வேண்டாம். அதைக் கேட்டு வாங்குவதும் சடங்கில் சேர்த்திதான்.

அப்புறம், பென்சிலை விட்டு மைப்பேனாவுக்கு மாறியாயிற்று. ரப்பர் பக்கத்தில் இருந்தால் தாள் ஓட்டையாகும்வரை விட மாட்டேன். நோட்டும் இருப்பதிலேயே மலிவானதுதான். வழவழப்பான தடித்த தாள் என்றால் எழுத்து கோணக்கூடாது என்று ஒரே அடியைப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருப்பேன்.

கை கழுவும் பாட்டு பாதியில் கிடக்கிறது, அதற்குள் அந்தாதி ஆசை வந்துவிட்டது. விட்ட இடத்திலேயே தொடங்குவது ஓசிடிக்கென்றே செய்த வடிவம். பத்துப் பாட்டு, எல்லாம் குறள் வெண்பா. கடைசிச் சொல் முதல் சொல்லில் போய் மண்டலிக்க வேண்டுமா என்பதில்தான் யோசனை. மண்டலித்தால் மனசு குளிரும், இங்கே குளிரக் கூடாதே! 'பூட்டு' என்று தொடங்கி 'சாவி' என்று நிறுத்திவிடலாம் என்றால் அது நேர் நேர், வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு உதவாது. 'திறப்பு' என்றால் ஈற்றுக்கு உரிய 'பிறப்பு' வாய்பாட்டில் உட்கார்ந்துவிடும். அது பிறகு. முதலில் கை கழுவும் பாட்டுக்கு மூன்றாம் சீர் வேண்டும், நிரையில் தொடங்குவதாக.