டிக்கியை முதலில் திறங்கள்: கோலாலம்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் காடி வாங்க

பழைய ஸ்போர்ட்ஸ் காடி பார்க்கப் போகிறவர்களின் காது நேரே என்ஜினுக்குத்தான் போகும். விற்பவருக்கும் அது வசதி. சாவியைத் திருகி நாலு முறை முறுக்கிக் காட்டினால் பாதி வியாபாரம் முடிந்தது. ஆனால் நம் ஊரில் என்ஜினுக்குப் பஞ்சம் இல்லை. ஜப்பானிலிருந்து ஹாஃப்கட்டாக (பாதியாக வெட்டிய பழைய காடியோடு) வந்திறங்கும் என்ஜின்களையும் கியர்பாக்ஸ்களையும் கிள்ளான் பள்ளத்தாக்குக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஹோண்டாவின் கே20 கெட்டால் இன்னொரு கே20 தேடிப் பிடிக்கலாம். அடிபட்டு முறுக்கிக்கொண்ட உடலுக்கு அப்படி ஒரு கடை கிடையாது. அதனால்தான் உடலைப் பார்ப்பதற்கே இந்தப் பதிவில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு கணக்கு. காடியின் விலையை ஒரு முறை கொடுக்கிறோம், ரோட் டேக்ஸை வருடா வருடம் கட்டுகிறோம். தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1,800 சிசிக்கு மேல் 2,000 வரை 280 வெள்ளியும், கூடும் ஒவ்வொரு சிசிக்கும் 50 சென்னும். 2,000 தாண்டினால் 380 வெள்ளியோடு சிசிக்கு ஒரு வெள்ளி. 2,500 தாண்டினால் 880 வெள்ளியோடு சிசிக்கு இரண்டரை வெள்ளி. 3,000 தாண்டினால் 2,130 வெள்ளியோடு சிசிக்கு நாலரை வெள்ளி. இதை வைத்துப் பார்த்தால் 1,998 சிசி டொயோட்டா 86க்கு 379 வெள்ளி. 2,687 சிசி போர்ஷே பாக்ஸ்டருக்கு 1,347 வெள்ளி 50 சென். 3,498 சிசி நிசான் 350இசட்டுக்கு 4,371 வெள்ளி, 3,696 சிசி 370இசட்டுக்கு 5,262 வெள்ளி. சந்தையில் 350இசட் மலிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 86இன் கம்ப்ரஷன் 12.5க்கு 1. அதற்கு ரான் 97 ஊற்ற வேண்டும். ரான் 97க்கு மானியம் இல்லை, விலை வாரா வாரம் மாறும்.

முதல் ஸ்போர்ட்ஸ் காடி என்றால் டர்போ இல்லாத 2 லிட்டருக்குள் நிற்பது நல்லது என்பது என் முடிவு. ரோட் டேக்ஸ் வெறும் 90 வெள்ளி வரும் 1.6 லிட்டர் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். கைக்கும் காலுக்கும் பாடம் சொல்லித் தரும் காடி அது. ஹோண்டா சிவிக் டைப் ஆர் எஃப்டி2, 86, மாஸ்டா எம்எக்ஸ்-5 மூன்றும் அடுத்த படி. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 மலிவாகக் கிடைக்கும், ஆனால் ரோட்டரி என்ஜினுக்கென்றே உள்ள கம்ப்ரஷன் மீட்டர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் சோதிக்காமல் தொடாதீர்கள். சாதாரண மீட்டர் ஒரு ரோட்டரின் மூன்று முகங்களையும் பிரித்துக் காட்டாது. நிமிடத்துக்கு 250 சுழற்சிக்குத் திருத்திய அளவு 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே இறங்கினால் அந்த என்ஜினைப் பிரித்துக் கட்டும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி காடி முன்னால் நிற்கிறது. டிக்கியைத் திறந்து, கம்பளத்தைத் தூக்கி, ஸ்பேர் டயரையும் வெளியே எடுத்துவிடுங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்ட் சின்ன வட்டக் குழிகளாக, ஒரே இடைவெளியில் இருக்கும். பின்னால் அடிபட்டுத் தகடு மாற்றியிருந்தால் குழிகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும், அல்லது சீலண்ட் பூசி மறைத்திருப்பார்கள். கம்பெனி சீலண்ட் ஒரே அகலத்தில் கோடு போட்டதுபோல் ஓடும், நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். கையால் பூசியது மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். டயர் குழியின் அடித்தகட்டில் சுருக்கம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது.

பிறகுதான் பானெட். ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்திருந்தால் அதைக் கழற்றியிருக்கிறார்கள். கழற்றியதே குற்றமாகிவிடாது, பம்பர் உரசலுக்கும் கழற்றுவார்கள். “பாஸ், சின்ன அடிதான், பம்பர் மட்டும்” என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்தப் பேச்சை ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டமும், அதற்குப் பின்னால் இருபுறமும் ஓடும் சேசிஸ் ரெயிலும்தான் உறுதிப்படுத்த வேண்டும். ரெயிலில் மடிப்போ, இழுத்து நிமிர்த்திய கிளாம்ப்பின் பல் தடமோ இருந்தால் அங்கேயே நன்றி சொல்லி வந்துவிடலாம்.

காந்தத்தை வைத்து மாவு (பள்ளத்தை நிரப்பும் புட்டி) தேடும் பழைய வித்தை எல்லாக் காடிக்கும் பலிக்காது. 86இன் பானெட்டும், ஹோண்டா எஸ்2000இன் பானெட்டும், மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5இன் பானெட்டும் டிக்கி மூடியும் அலுமினியம். காந்தம் ஒட்டாது என்பதற்காகப் பயப்பட வேண்டாம். அலுமினியத்தையும் அளக்கும் பெயின்ட் மீட்டர் ஒன்று கடன் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயின்ட் சுமார் 90இலிருந்து 160 மைக்ரானுக்குள் இருக்கும். 200 தாண்டினால் மறுபடி அடித்தது, 500க்கு மேல் என்றால் உள்ளே மாவு. கதவுத் தூணிலும் கூரையிலும் தவறாமல் அளந்து பாருங்கள். பம்பருக்கும் ஃபெண்டருக்கும் புதுப் பெயின்ட் சகஜம், கூரைக்குப் புதுப் பெயின்ட் அடிக்க நல்ல காரணம் அரிது. எல்லாக் கண்ணாடியின் மூலையிலும் உள்ள முத்திரையை ஒப்பிடுங்கள், சீட் பெல்ட் அடியில் தைத்திருக்கும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். காடியைவிடப் பெல்ட் இளமையாக இருந்தால் ஏர்பேக் வெடித்த காடியாக இருக்கலாம். சாவியைத் திருகும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள்.

கீழேயும் ஒரு முறை படுத்துப் பாருங்கள். தாழ்த்திய காடிகள் நம் தாமான் ஹம்ப்புகளில் வயிறு உரசியே ஓடியிருக்கும். ஜாக் வைக்கும் விளிம்பு நசுங்கியிருப்பது பெரிய விஷயமில்லை, தளத்தின் நீளவாக்கு ரெயில் தட்டையாகியிருப்பதுதான் கவலை. டயரின் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) அதிகம் வைத்திருக்கலாம், சஸ்பென்ஷன் ஆர்ம் வளைந்தும் இருக்கலாம். நாலு சக்கர அலைன்மென்ட் தாள் ஒன்று எடுத்தால் குழப்பம் தீரும். சரிசெய்யும் போல்ட் நடுவில் இருக்கும்போதே இடது வலது கேம்பர் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் எதுவோ வளைந்திருக்கிறது.

வெள்ளத்தை மறக்காதீர்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதுபோல ஒரே இரவில் எத்தனையோ காடிகள் தண்ணீருக்குள் போகின்றன, கழுவித் துடைத்தவை பிறகு சந்தைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், சேறு அங்கேதான் கோடு விட்டிருக்கும். சீட் ரெயில் போல்ட்டுகள், பெடல் மேலே உள்ள ஸ்பிரிங், டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள இரும்புச் சட்டம் ஆகியவற்றில் துரு இருந்தால் மாலை மழையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. எம்எக்ஸ்-5 மாதிரி துணிக்கூரைக் காடியில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. சீட்டுக்குப் பின்னால் உள்ள வடிகால் துளை இலையால் அடைத்து, வெள்ளமே இல்லாமலும் தரைக் கம்பளம் நனைந்திருக்கும். கூரை மேல் பத்து நிமிடம் ஹோஸ் பிடித்தால் விஷயம் தெரிந்துவிடும்.

என்ஜினை எப்போதும் ஆறிய நிலையில் பாருங்கள். காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, போனதும் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லலாம், தப்பில்லை. கே20யும் எஸ்2000இன் எஃப்20சியும் ஸ்டார்ட் ஆன முதல் சில விநாடிகளில் கரகரத்தால் டைமிங் செயினையும் டென்ஷனரையும் கவனிக்க வேண்டும். நீலப் புகை எண்ணெய் எரிவது. வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு தொடர்ந்து வந்தால் கூலண்ட். 2012-13இல் செய்த 86களுக்கும் சுபாரு பிஆர்இசட்களுக்கும் வால்வு ஸ்பிரிங் ரீகால் 2018இல் வந்தது. அந்த வேலையைச் செய்தவர்கள் சீலண்ட்டை அளவுக்கு மேல் வைத்தால் அதன் துணுக்கு எண்ணெய் உறிஞ்சியில் அடைத்து பேரிங் போய்விடக்கூடும். யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்ற ரசீதைக் கேளுங்கள். பாக்ஸ்டர், கேமேன் பார்ப்பவர்கள் 2009 மாடலில் வந்த புது என்ஜினுக்கு முன், பின் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பழையதில் ஐஎம்எஸ் (என்ஜினுக்குள் சுழலும் இடைத்தண்டு) பேரிங் மாற்றியிருந்தால் அதன் சான்றைக் கேட்க வேண்டும், சிலிண்டர் சுவரை கேமரா விட்டுப் பார்க்க வேண்டும்.

ஓபிடி ஸ்கேனர் (காடியின் கணினியைப் படிக்கும் கருவி) செருகும்போது பிழைக் குறி இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். ரெடினெஸ் மானிட்டர்கள் (காடி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டுபவை) ‘இன்னும் முடியவில்லை’ என்று காட்டினால் அண்மையில் யாரோ பேட்டரியைக் கழற்றியோ குறியை அழித்தோ இருக்கிறார்கள். லீக்டவுன் சோதனையில் (சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவை அளப்பது) ஒவ்வொரு சிலிண்டரின் கசிவும் 10 சதவீதத்துக்குள் இருந்தால் ஆரோக்கியம், 20 தாண்டினால் எங்கே காற்று போகிறது என்று ஃபோர்மேனோடு சேர்ந்து காது கொடுத்துக் கேளுங்கள். எண்ணெய் ஊற்றும் வாயில் சத்தம் என்றால் ரிங், எக்ஸாஸ்டில் என்றால் வால்வு.

ஓட்டிப் பார்க்க காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வரை போய்த் திரும்புவது போதும். ஏற்றத்தில் நாலாம் கியரில் 2,000 சுழற்சியிலிருந்து முழுதாக மிதியுங்கள். முள் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இறக்கத்தில் கியரிலேயே கால் எடுத்து இறங்கி, மறுபடி மிதிக்கும்போது பின்னால் வரும் நண்பரைப் புகை பார்க்கச் சொல்லுங்கள். வால்வு சீல் தேய்ந்திருந்தால் அப்போதுதான் நீலம் வரும். இரண்டிலிருந்து மூன்றுக்கு வேகமாக மாற்றும்போது பல் உரசினால் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பி நெரிசலில் இருபது நிமிடம் ஏர்கான் போட்டு நில்லுங்கள். ரேடியேட்டர், விசிறி, ஏர்கான் மூன்றுக்கும் அதுதான் பரீட்சை.

செப்பாங் பந்தயத் தடத்தில் ஓடிய காடி என்பதற்காக ஒதுக்க வேண்டாம், ஒழுங்காகப் பராமரித்தவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ரோல்கேஜ் போல்ட் துளைகள், கதவில் எண் ஒட்டிய பசைத் தடம், நீலம் பூத்த டிஸ்க் இவை தெரிந்தால் நேராகக் கேளுங்கள். ஒளிக்காமல் ரசீதுக் கட்டைக் காட்டுபவரிடம் பேசலாம். மொத்தத்தில் மாற்றம் செய்யாத காடிக்குச் சற்றுக் கூடக் கொடுப்பது லாபம். ஒரிஜினல் சாமான் தேடி அலைவது அதைவிடச் செலவு.

காகிதத்தில் மூன்று பொறிகள் உண்டு. ஒன்று, ரீகான் காடியில் (வெளிநாட்டில் ஓடி இங்கே இறக்குமதியான பழைய காடி) இரண்டு தேதி இருக்கும், செய்த வருடம், இங்கே பதிந்த வருடம். விளம்பரத்தில் பிந்தையதைத்தான் போடுவார்கள், கிராண்டில் (காடியின் பதிவுச் சான்றிதழ்) இரண்டையும் பாருங்கள். ஜப்பான் ஏலத் தாள் இருந்தால் வாங்கிப் படியுங்கள். ஆர் என்ற தரம் அடிபட்டுச் சரிசெய்தது, எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தத் தகட்டை மாற்றியிருக்கிறார்கள். இரண்டு, ஹாஃப்கட் என்ஜின் போட்ட காடி. என்ஜின் எண் கிராண்டோடு பொருந்தாவிட்டால் பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் நிற்கும்; பொருத்தியதை ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிந்தார்களா என்று முன்பே பாருங்கள். வெட்டி ஒட்டிய காடியும் சேசிஸ் எண் மாற்றிய காடியும் அதே இடத்தில்தான் மாட்டும், ஆனால் நன்றாகச் சரிசெய்த அடி அதில் தேறிவிடலாம். மூன்று, சம்போங் பாயார். கடனைத் தொடர்ந்து கட்டினால் போதும், காடி உங்களுடையது என்பார்கள். வங்கி சம்மதம் இல்லாமல் கைமாறும் காடி சட்டப்படி உங்களுடையது ஆகாது. எத்தனை மாதம் கட்டினாலும் வங்கி வந்து இழுத்துப் போகலாம்.

முன்பணம் கொடுக்கும்போது, பி5 தேறாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கருப்புக் கண்ணாடியால் தேறாமல் போவதும் உண்டு. முன் கண்ணாடி 70 சதவீத வெளிச்சமும் முன் கதவுக் கண்ணாடி 50 சதவீதமும் விட வேண்டும். இன்சூரன்ஸ் விலையை முன்பணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். என்சிடி (இழப்பீடு கேட்காதவர்களுக்கான தள்ளுபடி) உங்கள் பெயரோடு வருவது, விற்பவரின் 55 சதவீதம் காடியோடு வராது.

வாங்கிய வாரத்திலேயே என்ஜின், கியர்பாக்ஸ், டிஃப்பரென்ஷியல் எண்ணெய் மூன்றையும், கூலண்ட்டையும் பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் என்ஜின் என்றால், உதாரணமாக சாத்ரியா ஜிடிஐயின் 4ஜி93, ரசீது இல்லாத பெல்ட்டைத் தேய்ந்ததாகவே எடுத்துக்கொண்டு வாட்டர் பம்ப்போடு மாற்றுங்கள். அதன்பின் முதல் 3,000 கிலோமீட்டருக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, காலையில் சமதரையில் டிப்ஸ்டிக் இழுத்து, அளவைத் தேதியோடு எழுதி வையுங்கள்.