ஒரே கைதட்டல், மூன்று பாட்டு

நேற்று ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஜமைக்கா பாடகர் ஷான் பாலின் 'கெட் பிஸி', அதே நாட்டு வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ', நியூயார்க் பாடகி லுமிடியின் 'நெவர் லீவ் யூ' மூன்றையும் அடுத்தடுத்து கேட்டேன். மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே தாளம். படபடவென்று விழும் அதே கைதட்டல்!

ஜமைக்காவில் இதை ரிடிம் என்பார்கள். இசையை ஒருவர் முதலில் செய்துவிடுவார். அப்புறம் அதன் மேல் ஆளுக்கொரு மெட்டு, ஆளுக்கொரு வரி. இந்த ரிடிமைச் செய்தவர் ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன். அதன் பெயர் 'திவாலி'. ஆமாம், நம்ம தீபாவளியேதான்! 2003இல் 'கெட் பிஸி' அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது.

இதைக் காப்பி என்று சொன்னால் எனக்கு மனசு கேட்காது. 1967இல் ஜமைக்காவின் ஸ்டுடியோ ஒன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான 'ரியல் ராக்' ரிடிம் மேல் எத்தனை தலைமுறை பாடியிருக்கிறது!

ஷான் பால் அந்தக் கைதட்டலோடு போட்டி போட்டு ஓடுகிறார். வெய்ன் வொண்டர் அவசரமே படுவதில்லை. கீழே தாளம் துள்ளிக்கொண்டிருக்க, மேலே அவர் குரல் மட்டும் நிதானமாக இழைகிறது. அந்த இடத்தையே நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன்.