செயின் தளர்ந்த ஆறு சக்கர வண்டியும் திருச்சிக்கு இரண்டு பயணங்களும்

முத்துப்பேட்டைக்குத் தெற்கே, கோரையாற்றை ஒட்டிய ஓர் இறால் பண்ணையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 2018 நவம்பரில் கஜா புயல் கரைவழிகளை அறுத்துப்போட்ட பிறகு, குளத்துக்குக் குளம் தீவனம் கொண்டுசெல்வதற்காக, சேற்றிலும் நீரிலும் ஓடக்கூடிய ஆறு சக்கர வண்டி ஒன்றை எங்கள் முதலாளி செகண்ட் ஹேண்டில் வாங்கினார். சென்ற ஐப்பசியில் அதன் சக்கரங்களை ஓட்டும் செயின் என்னைப் படுத்திய பாடு இன்னும் ஆறவில்லை.

முதலில் வண்டியைத் திருப்பும்போது மட்டும் இருக்கைக்கு அடியில் கடகடவென்று சத்தம் வந்தது. இந்த வண்டியில் முன்சக்கரங்கள் திரும்புவதில்லை. ஒரு பக்கத்துச் சக்கரங்களைப் பிரேக் பிடித்து நிறுத்தினால், மறுபக்கத்துச் சக்கரங்கள் வண்டியைத் தள்ளித் திருப்பும். ஆகவே சேற்றில் திருப்பும்போது இழுவை முழுவதும் ஒரே பக்கத்துச் செயின்மேல் விழுகிறது. தளர்ந்த செயின் அப்போதுதான் பல்சக்கரத்தில் பல் தாண்டும். நானோ கெட்டித் தரையில் நேராக ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன்.

செயினை விறைப்பாக வைக்கும் டென்ஷனரை, அது போகும் மட்டும் தள்ளி இறுக்கினேன். இரண்டு நாள் தாங்கியது. அடுத்து, செயினில் இரண்டு கண்ணிகளைக் கழற்றி, ஒரே கண்ணி நீளமுள்ள அரை லிங்க் ஒன்றைச் சேர்த்துச் சுருக்கினேன். சாதாரண கண்ணியைவிட அரை லிங்க் வலுக்குறைவு என்பது தெரிந்தே செய்த காரியம் அது. அப்படியும் பல் தாண்டியது. ஏனென்று பிறகுதான் விளங்கிற்று: கண்ணிகளைக் கோக்கும் ஊசியும் (பின்) அதைச் சுற்றிய குழாயும் (புஷ்) தேய்ந்த செயினில் ஒவ்வொரு கண்ணியின் இடைவெளியும் கூடிவிடுவதால், செயின் பல்லின் அடியில் உட்காராமல் நுனியை நோக்கி ஏறிவிடுகிறது. மொத்த நீளத்தைக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது.

செயினைக் கழற்றி, டீசலில் கழுவி, பலகையில் ஆணியடித்து நீட்டி அளந்தேன். கண்ணிக்குக் கண்ணி முக்கால் இன்ச் இடைவெளியுள்ள செயினில் 16 கண்ணி சரியாக ஓர் அடி, அதாவது 304.8 மில்லிமீட்டர் வரவேண்டும். என்னுடையது 313 காட்டியது. கிட்டத்தட்ட நூற்றுக்கு மூன்று பங்கு நீண்டுவிட்டது. உப்புத் தண்ணீர், தொட்டிபோல் இருக்கும் வண்டியின் உடலுக்குள் கசிந்து, எண்ணெயைக் கழுவிக்கொண்டு போனதுதான் காரணம்.

பேருந்து ஏறித் திருச்சிக்குப் போனேன். பழைய செயினிலிருந்து ஒரு துண்டையாவது எடுத்துப் போயிருக்க வேண்டும். அளவு எழுதிய சீட்டை மட்டும் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "முக்கால் இன்ச்னா முக்கால் இன்ச்தான் தம்பி, எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லி நிறுத்துக் கொடுத்தார். இரவில் பண்ணைக்கு வந்து மாட்டிப் பார்த்தால், உள்தகடுகள் பல்லின் இரு பக்கமும் உரசின. செயின் பல்லில் அடிவரை இறங்கவே இல்லை. வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. பழையது அமெரிக்க அளவுப்படி 60ஆம் எண். அதன் உருளையின் குறுக்களவு 11.91, உள்தகடுகளுக்கு நடுவே உள்ள உள் அகலம் 12.57 மில்லிமீட்டர். வாங்கி வந்தது 12பி என்னும் பிரிட்டிஷ் அளவு, உருளை 12.07, உள் அகலம் 11.68. இடைவெளி மட்டுந்தான் இரண்டுக்கும் ஒன்று. ஆகவே செயின் வாங்கப் போகிறவர்கள் இந்த மூன்று அளவுகளையும் சேர்த்தே கேளுங்கள். தகட்டில் பொறித்த எண்ணையும் கண்ணால் பாருங்கள்.

மறுநாள் இன்னொரு கடையில் சரியானது கிடைத்தது. பல்சக்கரங்களின் பற்கள் கொக்கிபோல் வளையாமல் இருந்தது என் அதிர்ஷ்டம். கை நுழையாத இடத்தில் செயினைக் கோப்பதற்கு, கழற்றும்போதே பழையதன் வாலில் புதியதைக் கட்டுக்கம்பியால் கட்டி இழுத்துவிட வேண்டும். முதல் தடவை அப்படிச் செய்யாததால், முன்சக்கரப் பல்லைச் சுற்றிக் கோக்கவே ஒரு மணி நேரம் போயிற்று. இம்முறை பத்து நிமிடந்தான் ஆனது.

கடைசியில், செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணியைப் பூட்டும் லாக் கிளிப் கை நழுவி, வண்டித் தொட்டியின் அடிச்சேற்றில் விழுந்தது. சிறுவிரல் நகத்தளவு தகடு. அதற்காக மறுபடியும் திருச்சிக்குப் பேருந்து ஏற என்னால் ஆகாது. பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி, தூண்டில்போல இறக்கினேன். மூன்றாம் முறை துருத்தூளோடு ஒட்டிக்கொண்டு கிளிப்பும் வந்தது. அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்கும்படி மாட்டினேன். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது இடித்துக் கழன்றுவிடும்.

தவறான செயினைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். இப்போது அதைக்கொண்டுதான் பண்ணையின் கேட்டைப் பூட்டுகிறோம்.